டர்போவுக்கேற்ற கேம்

1989-இல் நிஸான் நிறுவனம் ஸ்கைலைன் ஜிடி-ஆர் என்ற பெயரை மறுபடி உயிர்ப்பித்தபோது, அந்தக் காரின் பானெட்டுக்குக் கீழே இருந்தது ஆர்பி26டிஇடிடி என்ற எஞ்சின். வரிசையாக ஆறு சிலிண்டர், 2568 சிசி, இரண்டு டர்போ, சிலிண்டருக்கு ஒன்று என்று ஆறு தனித்தனி த்ராட்டில். விளம்பரத்தில் போட்ட சக்தி 280 குதிரைத்திறன். ஜப்பானிய கார் நிறுவனங்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட உச்ச வரம்பு அது. 2004 வரை யாரும் அதற்கு மேல் எழுத்தில் போடவில்லை. அதே எஞ்சின் குரூப் ஏ பந்தயத்தில் 500 குதிரைத்திறனைத் தாண்டியது. 1990 முதல் 1993 வரை ஜப்பானின் டூரிங் கார் தொடரில் ஜிடி-ஆர் கலந்துகொண்ட 29 பந்தயங்களிலும் அதுவே ஜெயித்தது. ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் பந்தயத்தை 1991, 1992 என்று அடுத்தடுத்து இரண்டு முறை தட்டிச் சென்றது.

கடையில் வாங்கிய காருக்கும் பந்தயக் காருக்கும் நடுவே இவ்வளவு பெரிய இடைவெளி இருந்தால், வாங்கியவர் சும்மா இருப்பாரா? சைலன்ஸர் குழாயை அகலப்படுத்துவார், ஏர் ஃபில்டரை மாற்றுவார், டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தமான பூஸ்ட்டைக் கொஞ்சம் ஏற்றுவார். அதெல்லாம் முடிந்ததும் கண் போகிற இடம் கேம்ஷாஃப்ட். கம்பெனி போட்ட கேம் வெகு சாது: உள்வாங்கும் பக்கம் 240 டிகிரி, வெளியேற்றும் பக்கம் 236 டிகிரி. வால்வைத் தூக்கும் உயரம் முறையே 8.58, 8.28 மில்லிமீட்டர். ஜப்பானிய உதிரிபாகப் பட்டியலைப் புரட்டினால் 252, 256, 260, 264, 272, 280 என்று எண்கள் ஏறிக்கொண்டே போகும். பெரிய எண்ணுக்குப் பெரிய சக்தி என்று கை தானாக அடிவரிசைக்கு இறங்கும். சாலையில் ஓடும் டர்போ கார்களில் சின்ன கேமால் கெட்டதைவிட, ஒரு சைஸ் பெரிதாகப் போட்டுக் கெட்டவையே அதிகம் என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

கேம்ஷாஃப்ட் என்பது முட்டை வடிவ மேடுகள் கொண்ட ஒரு நீண்ட தண்டு. மேடு சுற்றி வந்து வால்வின் தலையை அழுத்தினால் வால்வு திறக்கும். மேடு கடந்துபோனால் ஸ்பிரிங் அதை மூடும். கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஒரு சுற்று சுற்றும். வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதைக் கிராங்கின் டிகிரியில் சொல்வதுதான் டியூரேஷன். எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பது லிஃப்ட். நிமிடத்துக்கு 8000 சுற்றில் கிராங்க் ஒரு முழுச் சுற்று முடிக்க எடுக்கும் நேரம் 7.5 மில்லி விநாடி. அதில் 240 டிகிரி என்றால் 5 மில்லி விநாடி. அந்த ஐந்துக்குள் வால்வு இருந்த இடத்திலிருந்து கிளம்பி, எட்டரை மில்லிமீட்டர் போய், சிலிண்டருக்குத் தேவையான காற்று முழுவதையும் உள்ளே விட்டு, திரும்பி வந்து இறுக மூடவேண்டும். விநாடிக்கு 66 தடவைக்கு மேல் இது நடக்கிறது. நேரம் போதவில்லை என்றுதான் டியூரேஷனைக் கூட்டுகிறார்கள்.

பட்டியலில் போட்ட எண்ணை அப்படியே நம்பக்கூடாது. வால்வு இருக்கையை விட்டு எழுந்த கணத்திலிருந்தே ஒருவர் அளப்பார், 1 மில்லிமீட்டர் எழுந்த பிறகு இன்னொருவர் அளப்பார். அமெரிக்கர்களுக்கு 0.050 அங்குலம், அதாவது 1.27 மில்லிமீட்டர். ஒரே கேமை மூவரிடம் கொடுத்தால் மூன்று எண் வரும். இரண்டு கம்பெனியின் 264-களை ஒப்பிடுவதற்கு முன் இருவரும் எங்கிருந்து அளந்தார்கள் என்று கேட்க வேண்டும்.

டர்போ இல்லாத பந்தய எஞ்சினில் நீண்ட டியூரேஷன் அற்புதமாக வேலை செய்யும். வெளியேறும் புகை குழாயில் ஓடும் வேகத்தில் தனக்குப் பின்னால் ஒரு வெற்றிடத்தை இழுத்துச் செல்லும். அந்த நேரத்தில் உள்வாங்கும் வால்வும் திறந்திருந்தால், புதுக் காற்று பிஸ்டன் இழுப்பதற்கு முன்பே உள்ளே வந்துவிடும். இரண்டு வால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் இந்தச் சில டிகிரிகளுக்கு ஓவர்லேப் என்று பெயர். கேம் தேர்வின் முக்கால்வாசி விவகாரம் இதற்குள்தான் இருக்கிறது.

டர்போ வந்ததும் கணக்கு மாறுகிறது. புகை போகும் வழியில் டர்பைன் சக்கரம் குறுக்கே நிற்கிறது. அதைச் சுற்றவைக்கப் புகை அழுத்திக்கொண்டுதான் போகவேண்டும். அதனால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் அழுத்தம் சேரும். இரண்டு வாசல் உள்ள டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். முன்வாசலில் ஏற ஒரு கூட்டம், பின்வாசலில் இறங்க ஒரு கூட்டம். இறங்கும் வாசலுக்கு வெளியே நிற்கும் நெரிசல், ஏறும் வாசலில் இருப்பதைவிட அதிகமாகிவிட்டால் இறங்கியவர்களே மறுபடி உள்ளே தள்ளப்படுவார்கள். இன்டேக் பக்கம் 1 பார் பூஸ்ட், எக்ஸாஸ்ட் பக்கம் 2 பார் அழுத்தம் என்றால், ஓவர்லேப் நேரத்தில் நடப்பது அதுவே. எரிந்து முடிந்த சூடான புகை சிலிண்டருக்குள் திரும்பி வருகிறது. சில நேரம் இன்டேக் குழாய்வரைகூடப் போகிறது. புதுக் காற்றுக்கு இடம் குறையும். அது போதாதென்று உள்ளே இருக்கும் கலவை சூடேறி, பொறி மூட்டிய தீ வந்து சேர்வதற்கு முன்பே தானாக வெடிக்கப் பார்க்கும். டர்போ எஞ்சினைக் கொல்லும் நாக் என்ற வியாதி இதுதான்.

ஓவர்லேப்பைக் காகிதத்திலேயே கணக்கிடலாம். இன்டேக் மேட்டின் உச்சியும் எக்ஸாஸ்ட் மேட்டின் உச்சியும் பிஸ்டன் மேலே நிற்கும் புள்ளியிலிருந்து சராசரியாக எத்தனை டிகிரி தள்ளியிருக்கின்றன என்பது மையக் கோணம். இரண்டு டியூரேஷன்களின் சராசரியிலிருந்து மையக் கோணத்தின் இரு மடங்கைக் கழித்தால் ஓவர்லேப் வந்துவிடும். 240, 236 கேமை 115 டிகிரி மையத்தில் வைத்தால் 8 டிகிரி. இரண்டு பக்கமும் 256 போட்டு மையத்தை 113-இல் வைத்தால் 30. 272 போட்டு 110-இல் வைத்தால் 52. பட்டியலில் 240-க்கும் 272-க்கும் இடையே பார்க்க ஏழில் ஒரு பங்கு வித்தியாசம்கூட இல்லை. ஓவர்லேப்போ ஆறு மடங்குக்கு மேல் தாவிவிட்டது.

ஆகவே டர்போ காருக்கு கேம் வாங்கப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது தன் டர்போவின் முன்னால் எவ்வளவு அழுத்தம் தேங்குகிறது என்பதை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒரு துளை போட்டு, நீளமான மெல்லிய உலோகக் குழாய் ஒன்றை அதில் பொருத்துவார்கள். சூடு தணிவதற்காகக் குழாயைச் சுருள் சுருளாக வளைத்துவிட்டு, மறுமுனையில் அழுத்தமானி. முழு த்ராட்டிலில் ஓட்டும்போது அந்த முள்ளையும் பூஸ்ட் முள்ளையும் சேர்த்துப் பார்த்தால் போதும். சின்னக் கம்பெனி டர்போவை அதன் எல்லைக்கு மேல் ஊதவைத்தால், உயர் சுழற்சியில் புகை அழுத்தம் பூஸ்ட்டைப்போல இரண்டு மடங்குக்குப் போவது சகஜம். நல்ல பெரிய டர்போவில் இரண்டும் ஏறக்குறைய சமமாக நிற்கும். சமமானால் ஓவர்லேப் பகையில்லை. நீண்ட கேம் தன் வேலையைக் காட்டும். இரண்டு மடங்கு என்றால் எந்தக் கம்பெனியின் 272-ஐப் போட்டாலும் காசு புகையாகத்தான் போகும்.

ஆர்பி26-இன் கம்பெனி டர்போக்களில் டர்பைன் சக்கரம் செராமிக்கால் ஆனது. எடை குறைவு, சட்டென்று சுழலும். பூஸ்ட்டை ஏற்றி வாட்டினால் உடைந்து எக்ஸாஸ்ட் வழியே போய்விடும். அந்தச் சின்ன செராமிக் டர்போக்களை வைத்துக்கொண்டே பெரிய கேம் போட்ட கார்கள் உண்டு. அவர்களுக்குக் கிடைத்தது ஐடிலில் ஒரு துள்ளல் சத்தம் மட்டுமே. அந்தச் சத்தத்துக்காகவே போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது வேறு ரசனை, அதற்குப் பொறியியலில் பதில் கிடையாது.

இப்போது சாலையில் ஓடும் சின்ன டர்போ பெட்ரோல் கார்கள் பல இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கின்றன என்பதையும் சொல்லவேண்டும். குறைந்த சுழற்சியில், டர்பைன் இன்னும் மூச்சடைக்காத நேரத்தில், பூஸ்ட் புகை அழுத்தத்தைவிட மேலே இருக்கும். அப்போது வேண்டுமென்றே ஓவர்லேப்பைக் கூட்டி, புதுக் காற்றால் சிலிண்டரைக் கழுவிவிடுகிறார்கள். மிச்சக் காற்று டர்பைனுக்கும் போய் அதை இன்னும் வேகமாகச் சுழற்றுகிறது. சுழற்சி ஏறியதும் கேமின் கோணத்தைக் கம்ப்யூட்டர் மாற்றி ஓவர்லேப்பைக் குறைத்துவிடும். பெட்ரோல் நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால்தான் இது சாத்தியம்: வால்வுகள் மூடிய பிறகு எரிபொருளை விட்டால் காற்று மட்டுமே வெளியே தப்பிப் போகும். ஆர்பி26-இல் பெட்ரோல் இன்டேக் குழாயிலேயே கலந்துவிடுகிறது. கேம் கோணத்தை ஓடும்போது மாற்றும் வசதியும் இல்லை. அங்கே காற்று தப்பினால் பெட்ரோலும் சேர்ந்து தப்பும்.

ஓவர்லேப்பைத் தவிர இன்னும் இரண்டு கணங்கள் முக்கியம். ஒன்று, இன்டேக் வால்வு மூடும் நேரம். டியூரேஷன் நீண்டால், பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே ஏறத் தொடங்கிய பிறகும் வால்வு திறந்தே இருக்கும். வேகமான சுழற்சியில் உள்ளே வரும் காற்றின் உந்துதல் அதைச் சமாளிக்கும். மெதுவான சுழற்சியில் பிஸ்டன் உள்ளே வந்த காற்றையே திருப்பித் தள்ளும். ஆர்பி26-இன் அமுக்க விகிதம் 8.5 மட்டுமே, ஸ்ட்ரோக்கும் 73.7 மில்லிமீட்டர்தான். பூஸ்ட் வரும்வரை இயல்பாகவே சோம்பல் உள்ள எஞ்சின். அதில் இன்டேக் மூடுவதையும் தள்ளிப்போட்டால் 4000 சுற்றுக்குக் கீழே கார் இருக்கிறதா என்று தேடவேண்டி வரும். சாலையில் ஓட்டுகிறவர் பெரும்பாலும் இருப்பதோ அந்த 4000-க்குக் கீழேதான்.

இரண்டாவது, எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் நேரம். சீக்கிரம் திறந்தால் இன்னும் அழுத்தம் மிச்சமுள்ள புகை டர்பைனை ஓங்கி அடிக்கும். டர்போ விரைவில் எழும். அந்த அழுத்தம் பிஸ்டனைத் தள்ளியிருக்க வேண்டியது என்பதால் அங்கே கொஞ்சம் நஷ்டம். பெரிய டர்போ போட்டவர்கள் இந்த நஷ்டத்தைத் தெரிந்தே ஏற்கிறார்கள்.

சரி, எதை வாங்குவது? முதலில் லிஃப்ட், அப்புறம் டியூரேஷன் என்று வைத்துக்கொண்டால் பெரிதாகத் தவறு வராது. டியூரேஷன் அதிகம் மாறாமல் வால்வு கூடுதலாக இறங்கினால், ஓவர்லேப் தொல்லை இல்லாமலே காற்றுக்கு வழி அகலும். ஜப்பானின் டோமேய் நிறுவனம் ஆர்பி26-க்கு விற்கும் பொன்கேம் வகை இந்த எண்ணத்தில் பிறந்தது: 252, 260 டிகிரி அளவில் டியூரேஷன், 9.15 மில்லிமீட்டர் லிஃப்ட். சிலிண்டர் ஹெட்டில் எந்த வெட்டு வேலையும் இல்லாமல் கழற்றி மாட்டிவிடலாம். இரும்பு டர்பைன் கொண்ட, கம்பெனி டர்போவைவிட ஓரளவு பெரிய இரட்டை டர்போ வைத்திருப்பவருக்கு இதற்கு மேல் போகக் காரணம் குறைவு. ஒற்றைப் பெரிய டர்போ, 8500 சுற்றுக்கு மேல் ஓட்டும் எண்ணம், பலப்படுத்திய உள் பாகங்கள் என்று எல்லாம் சேர்ந்தால் 264, 272 பக்கம் போகலாம். கம்பெனி செராமிக் டர்போவோடு இருப்பவர் கேமைத் தொடாமல் டர்போவுக்குக் காசு சேர்ப்பது நல்லது.

லிஃப்ட் கூடக் கூட வேறு செலவும் வரும். மேடு உயரமானால் சுற்றும்போது அதன் நுனி ஹெட்டின் அலுமினிய உடம்பில் இடிக்கும்; கிரைண்டரால் அந்த இடங்களைக் குடைந்தெடுக்க வேண்டும். அலுமினியத் துகள் எண்ணெய் வழிகளில் புகாமல் பார்த்துக்கொள்வதே ஒரு நாள் வேலை. அடுத்து ஸ்பிரிங். வேகமாக எழுந்து இறங்கும் மேட்டைப் பழைய ஸ்பிரிங்கால் பின்தொடர முடியாமல் போனால் வால்வு மேட்டை விட்டுப் பறக்கும். டர்போவில் இன்னொரு சங்கடமும் உண்டு. 35 மில்லிமீட்டர் அகலமுள்ள இன்டேக் வால்வின் முதுகில் 1.5 பார் பூஸ்ட் அழுத்தினால் அது சுமார் 14 கிலோ விசை. மூடி இருக்க வேண்டிய வால்வைத் திறக்கும் திசையில் அது தள்ளுகிறது. ஸ்பிரிங் வாங்கும்போது இதையும் கழித்துத்தான் பார்க்கவேண்டும். அதற்காகத் தேவைக்கு மேல் முரட்டு ஸ்பிரிங் போட்டால் கேமின் மேடும் வால்வுத் தலையும் தேயும்.

மாட்டுவதற்கு முன் செய்யும் ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம், குழந்தைகள் விளையாடும் களிமண் போதும். பிஸ்டன் தலையில் வால்வுக்காகக் குழித்த பள்ளங்களில் களிமண்ணை அப்பி, மேலே ஒரு துளி எண்ணெய் தடவி, பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை இறுக்குவார்கள். புது கேமைப் போட்டு, டைமிங் பெல்ட் மாட்டி, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் வைத்துக் கையால் இரண்டு முழுச் சுற்று. எங்கேயாவது தட்டுப்பட்டால் அதற்கு மேல் தள்ளக்கூடாது. பிறகு ஹெட்டைக் கழற்றினால் களிமண்ணில் வால்வின் விளிம்பு அச்சாகப் பதிந்திருக்கும். பிளேடால் குறுக்கே வெட்டி, மிக மெல்லிய இடத்தைக் காலிப்பரில் அளப்பார்கள். இன்டேக் பக்கம் 2 மில்லிமீட்டர், சூட்டில் நீளும் எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மில்லிமீட்டர் மிச்சமிருக்க வேண்டும் என்பது மெக்கானிக்குகளின் பொது விதி. பிஸ்டனும் வால்வும் மிக நெருங்குவது பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அல்ல. எக்ஸாஸ்ட் வால்வுக்கு அதற்குப் பத்து டிகிரி முன்பு, இன்டேக் வால்வுக்குப் பத்து டிகிரி பின்பு. டைமிங்கை ஒரு பல் தப்பாக மாட்டினால் அந்த 2 மில்லிமீட்டர் எங்கே போகும் என்று சொல்லவேண்டியதில்லை.

கிராங்கின் முனையில் 360 டிகிரி குறித்த தட்டு, வால்வின் தலையில் டயல் கேஜ்: இந்த இரண்டையும் வைத்து கேமின் உச்சி எத்தனையாவது டிகிரியில் வருகிறது என்று அளந்து, கேம் அட்டையில் போட்டிருப்பதோடு ஒப்பிட வேண்டும். அளவு ஒத்துப்போகாவிட்டால் சரிசெய்வதற்குத்தான் போல்ட் துளைகள் நீளமாக உள்ள கேம் கியர். கேமுக்கும் வால்வுக்கும் நடுவே விடவேண்டிய இடைவெளி அரை மில்லிமீட்டரைத் தொடாது. ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்து, வெவ்வேறு கனமுள்ள ஷிம் மாற்றி மாற்றிப் போட்டு இருபத்து நான்கு வால்வுக்கும் செய்யவேண்டும். பொறுமை இல்லாதவர் கையில் கொடுக்கக்கூடாத வேலை.

முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும் ஐடிலில் விட்டுவிடக்கூடாது. மேடுகளில் எண்ணெய் நன்றாகத் தெறிக்க 2000 சுற்றுக்கு மேல் சுமார் இருபது நிமிடம் ஓடவிடுவது வழக்கம். அதன் பிறகு ஐடிலுக்கு இறக்கினால் புதுப் பிரச்சினை தெரியும். ஆர்பி26 உள்ளே வரும் காற்றை இரண்டு ஏர்ஃப்ளோ மீட்டர்களால் அளக்கிறது. ஓவர்லேப் கூடியதும் குறைந்த சுழற்சியில் காற்று முன்னும் பின்னுமாக அலையும். மீட்டர் போன காற்றையும் திரும்பி வந்த காற்றையும் சேர்த்து எண்ணிவிடும். கம்ப்யூட்டர் அதை நம்பிக் கூடுதல் பெட்ரோல் விடும். எஞ்சின் மூச்சு வாங்கும், பெட்ரோல் வாடை அடிக்கும். ஜப்பானில் காருக்குக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் ஷாகென் சோதனையில் ஐடிலில் வரும் கார்பன் மோனாக்ஸைடையும் ஹைட்ரோகார்பனையும் அளப்பார்கள். பெரிய கேம் அங்கே மாட்டிக்கொள்ளும். ஆகவே கேம் செலவோடு எரிபொருள் கணக்கை மறுபடி எழுதும் டியூனருக்கான செலவையும் சேர்த்தே பட்ஜெட் போடவேண்டும்.

காரைச் சக்தி அளக்கும் டைனோவில் ஏற்றி கேம் கியரை இரண்டிரண்டு டிகிரியாக நகர்த்தும்போதுதான் உண்மையான தேர்வு நடக்கிறது. இன்டேக் கேமை முன்னால் தள்ளினால் அது சீக்கிரம் மூடும், கீழ்ச்சுழற்சி இழுவை கூடும். ஓவர்லேப்பும் சேர்ந்து கூடும். பின்னால் தள்ளினால் இழுவை மேலே போகும். எக்ஸாஸ்ட்டை முன்னால் தள்ளினால் ஓவர்லேப் குறைந்து, டர்போ ஓரிரு நூறு சுற்று முன்னதாக எழலாம். தாளில் வரும் வளைகோட்டின் உச்சியை மட்டும் பார்த்துக் கைதட்டுகிறவர்கள் நிறைய. சாலையில் ஓட்டுகிறவர் பார்க்கவேண்டியது 3500-க்கும் 6000-க்கும் இடையே அந்தக் கோடு எவ்வளவு உயரத்தில் போகிறது என்பதை.

ஒரே கேம் எல்லா எஞ்சினிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது என்பதற்கும் ஆர்பி26-இலேயே உதாரணம் உண்டு. கிராங்கை மாற்றி ஸ்ட்ரோக்கை நீட்டி எஞ்சினை 2.8 லிட்டராக்கும் கிட்கள் ஜப்பானில் பல காலமாகக் கிடைக்கின்றன. சிலிண்டர் பெரிதானதும், 2.6 லிட்டரில் முரட்டுத்தனமாகத் தெரிந்த 264 டிகிரி கேம் சாதுவாகிவிடுகிறது. டர்போவும் முன்னதாகவே எழுந்துவிடுகிறது. கிட்டோடு கேமும் வாங்கும் எண்ணம் இருப்பவர், எஞ்சினைப் பிரித்து வைத்திருக்கும்போதே இரண்டையும் சேர்த்துச் செய்துவிடுவது கூலியில் மிச்சம்.